அப்பப்பாவின் ரொலி கமரா ஏலத்தில் எவ்வளவு போகும்?

கேள்வி: கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வச்சிருந்த அப்பப்பான்ர இரட்டை லென்ஸ் ரொலி கமரா, பழைய நெகற்றிவ் பெட்டியோட கிடைச்சிருக்கு. லைக்கா கமரா ஒண்டு கோடிக்கணக்கில ஏலம் போனதாம். இதுக்கு எவ்வளவு வரும்?

பதில்: அந்த லைக்காவை இதோட சேர்க்காதேங்கோ. 2022இல் ஏலத்தில 1 கோடி 44 இலட்சம் ஈரோவுக்குப் போனது, 1923 அளவில சோதனைக்கெண்டு செய்த இருபத்துச் சொச்சக் கமராவில ஒண்டு, இலக்கம் 105. லைக்காவை உருவாக்கின ஒஸ்கார் பார்னாக் பாவிச்சது, மேல அவற்ர பேரும் வெட்டியிருக்கு. பழசு எண்டதுக்காக மட்டும் ஒருத்தரும் காசு குடுக்கிறேல்லை. அரிதாயும் இருக்கவேணும்: லைக்காவின்ர எம்3 ரகத்தில மட்டும் இரண்டு இலட்சம் கமராவுக்கு மேல செய்தவை.

உங்கட கமராவில பிலிம் சுத்திறது குமிழா, கைபிடியா எண்டு பாருங்கோ. குமிழ் எண்டால் அநேகமா ரொலியின்ர மலிவு ரகமான ரொலிகோர்ட், சில நூறு டொலர்தான். கைபிடியோட, கீழ் லென்ஸில பிளானர் அல்லது செனொட்டார், 2.8 எண்டு இருந்தால், நல்ல நிலையில ஆயிரம் டொலரைத் தாண்டும். பேர்த்தகட்டில யஷிக்கா எண்டு இருந்தால் அது ரொலியே இல்லை. விலை குறையச் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ, வாங்கிறவன் முதல் பார்க்கிறதும் இதுதான்.

அடுத்தது லென்ஸ். பின்கதவைத் திறந்து, வேகத்தை பி-யில வச்சு, துவாரத்தை முழுக்கத் திறந்து, சட்டரை அமத்திப் பிடிச்சுக்கொண்டு பின்னால ரோர்ச் அடியுங்கோ. முன்னால பார்க்க சிலந்திவலை மாதிரித் தெரிஞ்சால் பூஞ்சணம். இடப்பெயர்வு நேரம் பொலித்தீன் சுத்தித் தாட்டு வச்ச கமராக்களில இது கூட. மாரி ஈரம் உள்ளுக்கை அடைபட்டு வெளியேற வழியில்லாமல் போயிடும். லென்ஸ் பூச்சை அது அரிச்சிருந்தால் துடைச்சாலும் தழும்பு நிற்கும், விலை பாதிக்கும் கீழ போகும்.

பிறகு 1 செக்கனில வச்சு அடிச்சுப் பாருங்கோ. இழுபட்டு நிண்டால் மெதுவேகப் பற்சில்லில பழைய எண்ணெய் பிசினாகிட்டுது. தயவுசெய்து தையல் மெசின் எண்ணெய் விடாதேங்கோ! அது சட்டர் இதழுக்குப் பரவி ஒட்டிப்போடும், பிறகு முழுக்கக் கழட்டித்தான் கழுவ வேணும். பழைய கொம்பர் எண்ட வகைச் சட்டரில வேகத்தை 500க்கு (செக்கனில 500இல் ஒரு பங்கு) மாத்திறதெண்டால் சட்டரை ஏத்த முதலே மாத்துங்கோ, அந்த வேகத்துக்குத் தனிச் சுருள்வில் இருக்கு. தோலைப் பிச்சுப் புதுசு ஒட்டவும் வேண்டாம், பித்தளையை மினுக்கவும் வேண்டாம். சேகரிக்கிறவனுக்கு மூலத் தோல்தான் வேணும்.

கேட்காத ஒண்டையும் சொல்லுறன், வயித்தெரிச்சல். ஸ்ரூடியோச் சாமானுக்கு விலை பேச வாற வியாபாரிமார் கமராவைத் தூக்கிக்கொண்டு நெகற்றிவ்வை எரிக்கச் சொல்லிப்போட்டுப் போகினம். வன்னியில எத்தினை வீட்டில செத்ததுகள், காணாமல் போனதுகளின்ர ஒரு படம்கூட இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த முகம் அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கலாம். வினாகிரி மணம் வந்தால் பிலிம் கெடத் தொடங்கிட்டுது, அதுகளைப் புறம்பா வையுங்கோ. பொலித்தீன் வேண்டாம், கடதாசி உறைதான். ஒட்டிப்பிடிச்சதை இழுத்துப் பிரிச்சால் படம் உரிஞ்சு வந்திடும். மற்றதுகளை, வெள்ளைத் திரை போட்ட மடிக்கணினிக்கு மேல இரண்டு மூண்டு அங்குலம் உயர்த்திப் பிடிச்சு, போனால படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்குங்கோ. திரையில முட்ட வச்சால் அதின்ர புள்ளிகளும் படத்தில விழும்.