அதே 100 மைக்ரோமோலார், வாரத்துக்கு ஒரு முடிவு ஏன்?

கேள்வி: ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்தேன். ஒரு வாரம் செல்கள் ஜி2 கட்டத்தில் (பிரிவதற்குச் சற்று முந்தைய நிலை) தேங்கின; மறுவாரம் ஒரு மாற்றமும் இல்லை. 5 மில்லிமோலார் என்-அசிட்டைல் சிஸ்டீன் என்னும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பானை மட்டும் கொடுத்த கண்ட்ரோலிலோ ஜி1 (டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய கட்டம்) செல்கள் கூடிவிட்டன. எங்கே தவறு?

பதில்: முதலில் மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டிஎம்இஎம் என்னும் மீடியத்தின் வகைகள் பலவற்றில் 1 மில்லிமோலார் பைருவேட் உண்டு. அது பெராக்சைடுடன் ஒன்றுக்கு ஒன்று என வினைபுரிந்து அசிட்டேட்டாகிவிடும். நீங்கள் ஊற்றியதைப்போலப் பத்து மடங்கு பைருவேட் அங்கே காத்திருந்தால் செல்லுக்கு என்ன மிஞ்சும்? பைருவேட் இல்லாத மீடியத்துக்கு மாறுங்கள்.

அடுத்தது செல் எண்ணிக்கை. செல்கள் பெராக்சைடை வேகமாக அழிப்பதால், செறிவை மட்டும் எழுதிவைத்தால் போதாது. 2 மில்லி மீடியத்தில் 100 மைக்ரோமோலார் என்றால் 200 நானோமோல். வளர்ப்புத் தட்டின் ஒரு கிணற்றில் (குழியில்) 2 லட்சம் செல் இருந்தால் ஒரு செல்லுக்கு 1 பிகோமோல். 4 லட்சம் இருந்தால் பாதிதான். மருந்து சேர்க்கும் அன்றே ஒரு கிணற்றை எண்ணிக் குறித்துவிடுங்கள்.

30 சதவீத பெராக்சைடு பாட்டில் ஏறத்தாழ 9.8 மோலார். திறந்து திறந்து மூடினால் வீரியம் குறையும். ஆயிரம் மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் 0.43 வாக்கில் வர வேண்டும் (மோலார் உறிஞ்சல் கெழு 43.6). குறைந்தால் கணக்கைத் திருத்துங்கள். நீர்த்த கரைசலை அன்றன்றே தயாரியுங்கள்.

ஜி2 தேக்கம் எதிர்பார்க்க வேண்டியதே. ஹீலாவில் எச்பிவி 18 வைரஸின் இ6 புரதம், டிஎன்ஏ சேதமானால் செல்லை நிறுத்தும் பி53 புரதத்தை அழித்துவிடுவதால், அது பி21 என்னும் புரதத்தின் வழியாக எழுப்பும் ஜி1 தடை வலுவாக எழாது. ஜி2-விலோ சிடிசி25சி என்னும் பாஸ்ஃபடேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) இருக்கிறது. பெராக்சைடு அதன் 330, 377ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களை டைசல்ஃபைடாகப் பிணைத்து அதை முடக்கிவிடும். செல் பிரிவைத் தொடங்கும் சிடிகே1 நொதியின் தடை பாஸ்பேட்டுகளை நீக்க ஆளில்லாமல் போகும். டிஎன்ஏ சேதத்தால் எழும் தடையும் இதோடு சேரும்.

இனி அந்த கண்ட்ரோல். என்-அசிட்டைல் சிஸ்டீன் அமிலத்தன்மை கொண்டது. ஸ்டாக்கை சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4-க்குக் கொண்டுவராமல் சேர்த்திருந்தால், மீடியம் மஞ்சளாகியிருக்கும். செல் நின்றதற்கு அதுவே காரணமாகலாம். சரிசெய்த பிறகும் ஜி1 கூடினால் அது உண்மையான விளைவு. ஃபைப்ரோபிளாஸ்ட்களில் (இணைப்புத் திசு செல்கள்) இதே மருந்து, ஜி1-ஐக் கடக்க உதவும் சைக்ளின் டி1 புரதத்தைக் குறைத்து ஜி1-இல் நிறுத்தியது ஏற்கெனவே தெரிந்ததுதான். பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் இனங்கள் சிறிதளவாவது இல்லாமல் செல் அடுத்த கட்டத்துக்கு நகராது. டிஎன்ஏ நகலெடுப்பை முன்னெடுக்கும் சிடிகே2 நொதியின் 177ஆம் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்தால், அந்த நொதியை அணைக்கும் கேஏபி பாஸ்ஃபடேஸ் ஒட்ட முடியாது. அதனால் எஸ் கட்டம் (டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டம்) ஓடுகிறது என்பது 2022-இல் வெளியானது. எனவே என்-அசிட்டைல் சிஸ்டீனை ‘ஒன்றும் செய்யாத’ கண்ட்ரோலாக வைக்கவே வேண்டாம். வெளியிலிருந்து ஊற்றிய பெராக்சைடுதான் காரணம் என்று காட்ட, அதே மீடியத்தில் பெராக்சைடை அழிக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு கிணறு போதும். அந்த நொதி செல்லுக்குள் எளிதில் நுழையாது; வெளியே உள்ளதை மட்டும் அழிக்கும்.

ஒளிர்வை அளப்பதில் ஓர் எச்சரிக்கை. ஆக்சிஜனேற்றத்தால் பச்சையாக ஒளிரும் டிசிஎஃப்டிஏ சாயம் பெராக்சைடை மட்டும் காட்டுவதில்லை. இரும்பும் சைட்டோகுரோம் சி-யும் அதைத் தூண்டும். 70 சதவீத எத்தனாலில் செல்லை நிலைப்படுத்தினால் அந்தப் பச்சை நிறம் கசிந்துவிடும். ஒரே செல்லில் இந்த ஒளிர்வையும் செல் கட்டத்தையும் பார்க்க, உயிருள்ள செல்லில் டிஎன்ஏ-வில் ஒட்டும் ஹோக்ஸ்ட் 33342 சாயமும் ஏற்றி உடனே ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) ஓட்டுங்கள்.