சமய உரையாடல், யூதர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு கொச்சி போயிருந்தோம். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தைப் பார்த்தோம். அதே தெருவில், காலமாகிவிட்ட ஒரு யூத மூதாட்டியின் தையல் கடையை அவருக்குப் பிள்ளைபோல இருந்த ஒரு முஸ்லிம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மனம் நிறைந்துவிட்டது. ஊர் திரும்பியதும் யூதர்கள் கிறிஸ்தவர்களோடும் முஸ்லிம்களோடும் நடத்தும் சமய உரையாடல் பற்றித் தேடினேன். கிடைத்ததெல்லாம் புகைப்படங்கள். மூன்று பேர் மூன்று உடையில் கைகோத்து நிற்கிறார்கள். எங்கள் ஊரிலும் இப்படிக் கூட்டம் நடக்கும். டீ, பிஸ்கட், பொன்னாடை, அவ்வளவுதான். இந்தப் பேச்சால் ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா? இயேசு யார் என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் எதைத்தான் பேசுவார்கள்? காஸாவுக்குப் பிறகு இதற்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

அந்தப் பொன்னாடை எனக்கும் கிடைத்திருக்கிறது. மேடையில் இருந்த மூன்று மதத்தாரும் எல்லா நதியும் கடலில்தான் கலக்கிறது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நான்காவதாகப் பேச வேண்டிய எனக்கு நதியும் மிச்சமில்லை, கடலும் மிச்சமில்லை. ஆகவே உங்கள் எரிச்சல் புரிகிறது.

ஆனால் கொச்சியில் நீங்கள் பார்த்ததை இதோடு சேர்க்காதீர்கள். அது அக்கம்பக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கவனித்துக்கொள்ள யாரும் வேதம் பேச வேண்டியதில்லை. பேசாமல் இருப்பதே நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. ஐரோப்பாவின் யூதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுக்குப் பேச்சு ஒரு தேவையாக இருந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகப் பேச்சு என்ற பெயரில் நடந்தது வேறு.

நமக்கு 'வாது' என்ற சொல் உண்டு. மதுரையில் சம்பந்தரும் சமணரும் ஏட்டை நெருப்பில் இட்டார்கள், வையையில் விட்டார்கள். தோற்றவர்கள் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஐரோப்பிய யூதர்கள் இழுத்துவரப்பட்டதும் அப்படிப்பட்ட வாதுகளுக்குத்தான். 1240-இல் பாரிஸில், யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். 1263-இல் பார்சலோனாவில் அரசர் ஜெய்மேயின் முன் நஹ்மனிடிஸ் என்ற ரபி (யூத மதகுரு) வாதாடினார். எதிரில் நின்றவர் யூத மதத்திலிருந்து மாறிய ஒரு துறவி. ரபியின் வாதத்தை ரசித்த அரசர் 300 காசு கொடுத்தார் என்று ரபியே எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் என்ன? சில ஆண்டுகளில் அவர் ஸ்பெயினை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. 1267-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். தோற்றால் மதம் மாற வேண்டும், ஜெயித்தால் ஊரை விட்டு ஓட வேண்டும். இந்த நினைவு உள்ள ஒரு சமூகத்திடம் போய் "வாருங்கள், உரையாடலாம்" என்றால் அது முதலில் கதவைத்தான் தாழிடும்.

சரி, ஏதாவது மாறியதா என்று கேட்கிறீர்கள். மாறியது. அதைத் தொடங்கி வைத்தவர் ரபி அல்லர், பாடப்புத்தகம் எழுதியவர்.

ஜூல் ஈசாக், பிரெஞ்சு வரலாற்றாசிரியர். தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு மாணவர்கள் அவருடைய சரித்திரப் புத்தகத்தைத்தான் படித்தார்கள். கல்வித்துறையில் தலைமை ஆய்வாளராக இருந்தவரை 1940-இல் யூதர் என்பதற்காக, நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு வேலையிலிருந்து நீக்கியது. 1943-இல் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மனைவியையும் மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் ஔஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து திரும்பவில்லை. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அவர் உட்கார்ந்து சுவிசேஷங்களைப் படித்தார். பாடப்புத்தகக்காரர் அல்லவா, படித்த விதமும் அப்படித்தான். இயேசுவைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வது ஒருபக்கம், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் யூதரைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது மறுபக்கம், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்னாளில் அந்தப் போதனைக்கு 'அவமதிப்பைக் கற்பித்தல்' என்று பெயர் வைத்தார்.

1947-இல் சுவிட்சர்லாந்தின் ஸீலிஸ்பெர்க்கில் யூதரும் கிறிஸ்தவரும் கூடியபோது அவர் கொண்டுபோனது 18 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல். அது 10 அம்சங்களாக வெளிவந்தது. இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்பதைச் சொல்லிக்கொடுங்கள், யூத இனமே சபிக்கப்பட்டது என்று சொல்லாதீர்கள், இப்படிப் போகும். வகுப்பில் நாளைக்கே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தது.

1960 ஜூன் 13 அன்று, 82 வயதில், போப் 23-ஆம் ஜானைப் போய்ப் பார்த்தார். முந்தைய வருடம்தான் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைப் 'விசுவாசமற்ற' என்று குறித்த சொல்லை அந்தப் போப் நீக்கியிருந்தார். போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் வத்திக்கானின் பிரதிநிதியாக இருந்து யூதர்களுக்கு உதவியவரும் அவர்தான். யூதரைப் பற்றிய போதனையைத் திருத்தக் கேட்கும் ஆவணங்களை ஈசாக் நீட்டினார். நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டார். நம்பிக்கைக்கும் மேலானதற்கே உங்களுக்கு உரிமை உண்டு என்றார் போப்.

அந்தப் பணி கர்தினால் பேயாவிடம் போயிற்று. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பெரும் இழுபறி. அரபு நாட்டு ஆயர்களுக்கு அரசியல் பயம். யூதர்களைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி என்ற கேள்வி வளர்ந்து முஸ்லிம்கள் உள்ளே வந்தார்கள், பௌத்தர்களும் இந்துக்களும் வந்தார்கள். ஆம், கத்தோலிக்கத் திருச்சபை இந்து சமயத்தைப் பற்றி அந்தச் சங்கத்தில் நல்ல வார்த்தை சொன்னதற்குப் பின்னால் இந்த யூத விவகாரம் இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று, மற்ற மதங்களைப் பற்றிய 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற அறிக்கை வெளியானது. ஆதரவு 2221, எதிர்ப்பு 88. இயேசுவின் மரணப் பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்மீதும் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மீதும் சுமத்த முடியாது என்றது. ஈசாக் அதைப் பார்க்கவில்லை. 1963-இலேயே போய்விட்டார்.

இயேசுவைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். அது இம்மியும் நகரவில்லை, நகர வேண்டும் என்று கேட்கப்படவும் இல்லை. 1964-இல் வரைவு ஒன்றில், யூதர்கள் ஒருநாள் திருச்சபையில் சேர்வார்கள் என்ற எதிர்பார்ப்பு நுழைந்தது. நியூயார்க்கின் ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் கொதித்துவிட்டார். தாயையும் சகோதரிகளையும் நாஜிகளிடம் இழந்தவர். மதம் மாறு அல்லது செத்துப்போ என்றால் எப்போது வேண்டுமானாலும் ஔஷ்விட்ஸுக்குப் போகத் தயார் என்று எழுதினார். யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தைய நாள் ரோமில் போப் ஆறாம் பவுலைச் சந்தித்தார். இறுதி வடிவத்தில் அந்த வாசகம் இல்லை.

அதே வருடம் அமெரிக்க வைதிக யூதர்களின் பெரிய ஆசான் சொலவேச்சிக், இறையியலைப் பற்றிப் பேசவே கூடாது என்று எழுதினார். ஒரு சமூகம் இறைவனோடு பேசும் மொழி அந்தரங்கமானது, இன்னொருவருக்குப் பெயர்க்க முடியாதது, சிறுபான்மை அதைப் பேரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வறுமை, உரிமை பற்றியெல்லாம் சேர்ந்து பேசலாம், செய்யலாம். எனக்கு மனதளவில் ஹெஷலைப் பிடிக்கும். ஆனால் நதி–கடல் மேடையில் உட்கார்ந்த நாளிலிருந்து சொலவேச்சிக் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

நேர்கோட்டில் எதுவும் போகவில்லை. 2008-இல் போப் 16-ஆம் பெனடிக்ட், பழைய லத்தீன் வழிபாட்டுக்கான பெரிய வெள்ளி மன்றாட்டைத் திருத்தியபோது, யூதர்களின் உள்ளம் ஒளிபெற வேண்டும் என்று எழுதினார். பழைய காயம் திறந்தது. யூதர்களை மதம் மாற்ற அமைப்புரீதியான வேலை எதையும் திருச்சபை செய்வதில்லை, ஆதரிப்பதுமில்லை என்று வத்திக்கான் ஆணையம் எழுத்தில் தந்தது 2015-இல். ஹெஷல் ரோமுக்குப் போய் 51 வருடம் ஆகியிருந்தது.

முஸ்லிம்களோடான கதை வேறு. அங்கே வழக்கு இறைவனைப் பற்றியதே அல்ல. 12-ஆம் நூற்றாண்டு யூத மேதை மைமோனிடிஸ் அரபியில் எழுதியவர், கெய்ரோ அரசவையில் மருத்துவர். முஸ்லிம் ஆட்சியாளர்களின் கொடுமை தாங்காமல் கொர்தோபாவை விட்டு ஓடிய குடும்பம்தான் அவருடையது. ஆனாலும் முஸ்லிம்கள் சிலை வழிபாட்டாளர்கள் அல்லர், ஏக இறைவனையே வணங்குகிறார்கள் என்று தீர்ப்பளித்தார். கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆனால் யூத வேதமான தோராவை யாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டபோது கிறிஸ்தவருக்குக் கொடுக்கலாம், முஸ்லிமுக்கு வேண்டாம் என்றார்! காரணம், கிறிஸ்தவர் அதே நூலை ஏற்கிறார், பொருளில்தான் தகராறு. முஸ்லிமோ நூலே திருத்தப்பட்டது என்கிறார். ஒருவரோடு கடவுள் பொது, இன்னொருவரோடு புத்தகம் பொது. முத்தரப்புப் பேச்சு ஏன் இத்தனை கோணலாகப் போகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்றைய ஐரோப்பாவில் யூதரும் முஸ்லிமும் சேர்ந்து உட்காருவது பெரும்பாலும் நீதிமன்றத்தில். 2012-இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் மதக் காரணத்துக்காகக் குழந்தைக்குச் சுன்னத் செய்வது உடற்காயம் என்றது. இரு தரப்பும் ஒரே குரலில் எதிர்த்தன. டிசம்பரிலேயே நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் போட்டது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ், வல்லோனியா பகுதிகளில் விலங்குகளை மயக்கமூட்டாமல் அறுக்கக் கூடாது என்று 2019-இல் தடை வந்தபோது ஹலால்காரர்களும், யூத உணவு விதியைப் பின்பற்றும் கோஷர்காரர்களும் வழக்குக்குப் போனார்கள், தோற்றார்கள். கறிக்கடையில் தொடங்கும் சிநேகத்தை நான் குறைவாக மதிப்பதில்லை.

கடைசியாகக் காஸா. 2023 அக்டோபருக்குப் பிறகு பல ஊர்களில் இந்தக் குழுக்கள் பேச்சற்றுப் போயின. மண்ணைப் பற்றிய வழக்கை ஆபிரகாம் பெயரைச் சொல்லித் தீர்க்க முடியாது, அப்படித் தீர்ந்துவிடும் என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரே ஒரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கெய்ரோவில் யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான புரூனோ ஹுஸார், வத்திக்கான் சங்கத்தில் அந்த அறிக்கைக்காக உழைத்தவர்களில் ஒருவர். எருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையில், லத்ரூன் மடத்திடம் 1970-இல் ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினார். இன்று அங்கே இஸ்ரேல் குடிமக்களான யூதக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களும் வாழும் ஊர் இருக்கிறது. ஹீப்ருவில் நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அஸ்ஸலாம். பள்ளியில் இரண்டு மொழியும் உண்டு.

1997 பிப்ரவரியில் லெபனானுக்குப் படையினரைக் கொண்டுபோன இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 73 பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் இந்த ஊர்ப் பையன். ஊரில் அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்றார்கள். எங்கள் மக்களோடு போரிடும் ராணுவத்தின் சிப்பாய்க்கு எங்கள் ஊரிலேயே சின்னமா என்று பாலஸ்தீனக் குடும்பங்கள் கேட்டன. அவனைக் குழந்தையிலிருந்து அறிந்தவர்கள்தான் கேட்டார்கள். நீண்ட நாள் சண்டை. அண்டை வீட்டார் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போனது. கடைசியில் கூடைப்பந்து மைதானத்தில் அவன் பெயருக்கு ஒரு பலகை வைத்தார்கள்.