சொல்யூஷன் கேட்டு வர்ற பசங்க

கேள்வி: சார், வடசென்னைல சைக்கிள் கடை வெச்சிருக்கேன். பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க வந்து பஞ்சர் சொல்யூஷன் மட்டும் கேக்குறானுங்க. பேட்ச் வேணாமாம், சைக்கிளும் கையில இல்ல. நான் இல்லன்னுட்டேன். அடுத்த கடையில வாங்கி முட்டுச்சந்துல உக்காந்து துணில ஊத்தி போதைக்கு மூக்கால இழுக்குறானுங்க. போலீஸ்ல சொல்லி விரட்டவா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அண்ணே, விரட்ட மட்டும் விரட்டாதீங்க. அதுல இருக்குற டொலுவின் மாதிரி கெமிக்கல் உள்ள போயிருக்கும்போது பயந்து ஓடுனா இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கயே உயிர் போயிடலாம், முதல் தடவை இழுத்த பையனுக்கும் இது நடக்கலாம். மெதுவா பேசி துணிய வாங்கிட்டு காத்தோட்டமா உக்கார வைங்க, மயங்கிட்டா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு போன்.

பசங்க இதே மாதிரி மோந்து போதை ஏத்துறாங்கன்னு 2012ல பாட்டில் வைட்னர், தின்னரை சில்லறையா விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுச்சு, ஆனா சொல்யூஷனைத் தடை பண்ணா நீங்க எப்படி பஞ்சர் ஒட்டுவீங்க? அதனால தெருவுல இருக்குற சைக்கிள் கடை, ஹார்டுவேர், பெயிண்ட் கடை எல்லாரும் ஒருநாள் உக்காந்து பேசிருங்க. டப்பா கண்ணுல படாம உள்ள இருக்கட்டும், சின்னப் பசங்க கேட்டா டியூபைக் கொண்டா நானே ஒட்டித் தர்றேன்னு எல்லா கடையிலயும் ஒரே பதில் வரணும். போர்டு எழுதி மாட்டிடாதீங்க, தெரியாத பசங்களுக்கும் நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்.

ஆஸ்திரேலியாவுல யுவெண்டுமுன்னு ஒரு பழங்குடி ஊர், பசங்க பெட்ரோல் மோந்துக்கிட்டு கிடந்தாங்க. 1994ல ஊர்ப் பெரியவங்களே அவங்களை தூரமா மவுண்ட் தியோங்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் கூடவே தங்குனாங்க, ஊருக்குள்ள மிச்சப் பசங்களுக்கு விளையாட்டு, டிஸ்கோன்னு சாயங்காலத்தை நிரப்புனாங்க. மோந்தா போதை ஏறாத ஓப்பல் பெட்ரோல் 2005லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே இவங்க இறங்கிட்டாங்க பாருங்க.

நம்ம ஊர்ல 1098க்கு அடிச்சா குழந்தைகள் உதவி மையத்து ஆளுங்க வருவாங்க, 14446 போதை மீட்பு நம்பர். அதோட பள்ளிக்கூட ஹெச்.எம்., அந்தத் தெரு அங்கன்வாடி டீச்சர், பசங்க அம்மாக்கள், இவங்க காதுலயும் போடுங்க. எந்தப் பையன் ஸ்கூலுக்கு வரலைன்னு அவங்களுக்குத்தான் தெரியும், எங்க உக்கார்றான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அவனை உங்க கடையிலயே வேலைக்கு வெச்சுக்கங்கன்னு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க. வேணாம்ணே, வயசும் பத்தாது, டப்பா பக்கத்துலயே உக்கார வெச்ச மாதிரியும் ஆயிடும்.