மில் முதலாளி கணக்குப் படித்தவர் இல்லை. ஏசிசிஏ அனுபவத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

கேள்வி: பி.காம் முடித்து, ஏசிசிஏ (லண்டனில் உள்ள கணக்காளர் அமைப்பு) தேர்வுகள் எல்லாவற்றையும் பாஸ் செய்துவிட்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இரண்டரை வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். அதற்கு முன் கும்பகோணத்தில் ஒரு சிஏ ஆபீஸில் ஒரு வருடம் அரை நாள் வேலை. எத்திக்ஸ் மாட்யூல் இன்னும் செய்யவில்லை. முதலாளிக்குக் கணக்குப் படிப்பு கிடையாது. தஞ்சாவூரில் ஒருவர், 40 ஆயிரம் கொடுத்தால் 36 மாத அனுபவத்துக்கும் கையெழுத்து வாங்கி, மாட்யூலையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்கிற சரக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

ஏசிசிஏ உறுப்பினராகத் தேர்வுகளோடு 36 மாத வேலை அனுபவமும் எத்திக்ஸ் மாட்யூலும் வேண்டும். மாதங்களை எண்ணிப் பாருங்கள். மில்லில் 30 மாதம். சிஏ ஆபீஸில் அரை நாள் வீதம் 12 மாதம், அதை 6 மாதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 36. தேர்வுக்கு முன்னால் செய்த வேலையும் கணக்கில் வரும். ஆனால் கணக்கு சம்பந்தப்பட்ட நேரம் மட்டும்தான். சம்பா அறுவடை சமயத்தில் உங்களை எடை மேடையில் சீட்டு எழுத உட்கார வைத்திருந்தால் அந்த நாட்களை நேர்மையாகக் கழித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் குறைந்தால் என்ன, அதே மில்லில் வேலை பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

எத்திக்ஸ் மாட்யூலுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். உங்கள் ஏசிசிஏ கணக்குக்குள் நுழைந்து வீட்டிலிருந்தே செய்வது, கட்டணமும் நேராக அங்கேயே. எல்லாப் பேப்பரும் தேறியவருக்கு அது மலை இல்லை. நேர்மையைப் பற்றிய பாடத்தை இன்னொருவரை உட்கார வைத்து முடிப்பதாவது!

இனி கையெழுத்து. இது ஒன்றல்ல, இரண்டு. இத்தனை மாதம் வேலை பார்த்தார் என்று உறுதி செய்ய உங்கள் மேலாளர் போதும். அதாவது உங்கள் முதலாளியே. அவர் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, என்னென்ன திறமை காட்டினீர்கள் என்பதற்கான ஒப்புதல். மொத்தம் 9 இலக்குகள். 5 கட்டாயம், மீதி 4-ஐ 17-லிருந்து நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இவற்றுக்குத் தகுதி பெற்ற கணக்காளர்தான் கையெழுத்திட வேண்டும். மில்லுக்குள் அப்படி யாரும் இல்லாவிட்டால், உங்கள் வேலையை அறிந்த வெளி ஆடிட்டர் முதலாளியோடு பேசித் தெரிந்துகொண்டு ஒப்புதல் தரலாம். இந்த வழி இருப்பதைக் கோச்சிங் சென்டர்கள் சொல்வதே இல்லை. 36 மாத விஷயத்தையே சேர்க்கையன்று சொல்லாதவர்கள் இதையா சொல்வார்கள்?

இங்கேதான் நம் ஊர்ப் பக்கத்துச் சிக்கல் ஒன்று. மன்னார்குடியிலும் திருவாரூரிலும் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற எல்லோரையும் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். ஜிஎஸ்டி பிராக்டிஷனர், வரி ஆலோசகர், முப்பது வருடம் கணக்கு எழுதிய பெரியவர், எல்லோருமே ஆடிட்டர் சார். அவர்கள் வேலை தெரிந்தவர்களாகவே இருக்கட்டும், இந்தக் கையெழுத்துக்கு ஆக மாட்டார்கள். சிஏ, சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட்) அல்லது ஏசிசிஏ உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினர் எண்ணையே படிவத்தில் கேட்பார்கள். கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மில்லின் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்திடுகிறவர் சிஏ என்றால் அவரிடமே போகலாம். ஆனால் வருடக் கடைசியில் ஃபைலை மட்டும் பார்த்தவர் என்றால் போதாது. நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வேலையைக் காட்டி வாருங்கள். கும்பகோணத்தில் செய்ததற்குக் கும்பகோணத்து சிஏவே சரி.

தஞ்சாவூர்க்காரர் காட்டப்போகும் சூப்பர்வைசர், அதாவது ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவர், உங்கள் முகத்தையே பார்த்திருக்க மாட்டார். இலக்குகளுக்காக உங்கள் பெயரில் அவர்கள் எழுதி அனுப்பும் அறிக்கையும் ஏற்கெனவே பத்துப் பேருக்கு ஒட்டியதுதான். பலருடைய அறிக்கைகள் வரி மாறாமல் ஒன்றாக இருந்ததை வைத்தே ஏசிசிஏ ஆட்களைப் பிடித்திருக்கிறது. அப்படி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களின் தீர்ப்புகள் பெயரோடு அதன் தளத்திலேயே கிடக்கின்றன. எந்தக் கம்பெனியும் தேடிப் படிக்கலாம். கையெழுத்து விற்ற தரகர் பெயர் மட்டும் எங்கும் வராது.

ஒவ்வொரு இலக்குக்கும் 200 முதல் 500 சொல்லுக்குள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மில்லில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்கிற மில்லா? நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்ற விகிதத்துக்கும் உங்கள் இருப்புக்கும் வித்தியாசம் வந்தபோது எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதினால் அது கட்டுப்பாடு பற்றிய இலக்கு. சாக்குக் கணக்கும் அப்படியே. நெறிமுறைக்கு, 26 கிலோ மூட்டையைவிட நல்ல உதாரணம் டெல்டாவில் இல்லை. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் இல்லை. உண்மையிலேயே 26 கிலோ போட்டு விற்றால் குற்றமில்லை. 25 போட்டுவிட்டு 26 என்று பில் போடச் சொன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்? முதலாளியிடம் எப்படிச் சொன்னீர்கள்? அதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு இந்தியாவில் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்திட ஏசிசிஏ போதாது, அதற்கு சிஏதான். தெரிந்தேதான் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒப்புதல் எல்லாம் இமெயில் வழியாகத்தான் நடக்கும். உலகத்தில் எல்லா முதலாளியும் மெயில் பார்ப்பார்கள் என்று லண்டனில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். உங்கள் முதலாளி வாட்ஸ்அப் வாய்ஸ் மட்டும் அனுப்புகிறவர் என்றால், அவர் பெயரில் ஒரு முகவரி திறந்து, பாஸ்வேர்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பட்டனை அழுத்தினால் தஞ்சாவூர்க்காரர் செய்வதும் அதுவும் ஒன்றுதான். அப்புறம், கும்பகோணத்து சிஏவை இப்போதே போய்ப் பாருங்கள். செப்டம்பரில் போய் நின்றால் டாக்ஸ் ஆடிட் கெடுவில் அவர் தலை நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார்.