சால்வை வேணாம் கண்ணு, சம்பளத்தைக் கேட்டுக் குடு

இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல காலேஜ் பசங்க எழுதுன கேள்வி. முகாம், சேவை, ஊர் வேலைன்னு எல்லாமே ஒரே பக்கம் போகுது, அதனால மத்த கேள்விங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு சிலர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல.

அக்கா, நான் பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம், என்.எஸ்.எஸ்.ல (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கேன். ஏழு நாள் முகாம் போனோம், மரக்கன்னு நட்டோம், கோவில் வளாகம் கூட்டுனோம், பேரணி போனோம், போட்டோ எடுத்தோம், வந்துட்டோம். போன மாசம் அந்த வழியா போகும்போது இறங்கிப் பார்த்தேன், கன்னு பாதிக்கு மேல காஞ்சு கிடக்கு. நாங்க செஞ்சதுக்கு என்னதான் அர்த்தம்?
– மாணவர், கரூர்

தம்பி, முகாம் முடிஞ்சப்புறம் இறங்கிப் போய்ப் பார்த்தியே, அதைச் செய்யறவங்க ரொம்பக் கம்மி. முதல்ல அதுக்கு என் பாராட்டு.

என்.எஸ்.எஸ். ஆரம்பிச்சது 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு வருஷம். 37 பல்கலைக்கழகம், 40,000 மாணவர்கள், அவ்ளோதான் அப்போ. "எனக்காக அல்ல, உனக்காக"ங்கறதுதான் அதோட வாசகம். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை செய்யணும், அது போக ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம், இதான் கணக்கு. ஆனா பசங்களுக்கு முகாம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு, அந்த 240 மணி நேரம் காலேஜ் மைதானத்துல புல் புடுங்குறதுலயும் விழாவுக்கு நாற்காலி போடுறதுலயும் கரைஞ்சு போயிடுது. என்னைக் கேட்டா முகாம்ங்கறது ஊர்க்காரங்க உன் மூஞ்சியப் பழகிக்கிறதுக்கு மட்டும்தான், உண்மையான வேலை அந்த 240 மணி நேரத்துலதான் இருக்கு, அதையும் அதே ஊருக்குக் குடுத்தா மட்டும்தான்.

கன்னு ஏன் காஞ்சுதுன்னு அங்க போய்க் கேளு. தண்ணி ஊத்தறது யாரு, அந்தத் தெருவுக்குக் குழாய் வருதா, வந்தா எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, குடிக்கவே தண்ணி இல்லாத வீட்டு வாசல்ல நாம கன்னு நட்டுட்டு வந்தோமா? இதுக்குப் பதில் தேடுனா அந்த ஊர்ப் பஞ்சாயத்து எப்படி ஓடுதுன்னே உனக்குப் புரிஞ்சிடும். கிராம சபைக்குப் போ. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துல ஆறு தடவ நடக்கணும். உங்க திட்ட அலுவலர் மூலமா பஞ்சாயத்து ஆபீஸ்ல முன்னாடியே சொல்லிட்டுப் போய் ஒரு ஓரமா உக்காரு. வரவு செலவு வாசிப்பாங்க. யாரு நாற்காலில உக்காந்திருக்காங்க, யாரு வாசல்லயே நிக்கிறாங்க, எந்தத் தெரு ஆளுங்க பேச ஆரம்பிச்சதும் "சரி சரி, அடுத்தது"ன்னு கைய காட்டுறாங்க, இதையெல்லாம் பாரு. எந்தப் புத்தகத்துலயும் இது கிடைக்காது.

பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கம் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாரு. கேரளாவுல எர்ணாகுளம் 1990ல முழு எழுத்தறிவு மாவட்டம் ஆச்சு, அடுத்த வருஷம் புதுக்கோட்டையில ஆரம்பிச்சாங்க, அப்போ ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். காட்டு வேலை, கல்குவாரி வேலை முடிஞ்சு வந்த பொம்பளைங்களுக்கு ராத்திரியில படிச்ச பசங்க போய்ச் சொல்லிக்குடுத்தாங்க. அந்த அம்மாக்களுக்கு எழுத்தோட சேர்த்து சைக்கிளும் வேணும்னு இருந்துச்சு, பஸ்ஸுக்குக் காத்திருக்காம, புருஷனையோ அண்ணனையோ கெஞ்சாம அவங்களே போயிட்டு வரணும். இயக்கம் அதைக் காதுல வாங்கிக்கிச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க, ஊர்ல கேலி பண்ணவங்க பண்ணிக்கிட்டேதான் இருந்தாங்க, அவங்க மிதிச்சுக்கிட்டே போயிட்டாங்க. இப்போ உங்க முகாம் ஊர்ல மரம் நடணும்னு யாரு முடிவு பண்ணது? ஊர்க்காரங்களா, இல்ல நீங்க போறதுக்கு முன்னாடியே அடிச்சு வச்ச நிகழ்ச்சி நிரலா?

எங்க காலேஜ்ல தூய்மைப் பணியாளர்களை வரவழைச்சு மேடையில சால்வை போட்டு மரியாதை பண்ணோம் அக்கா. விழா முடிஞ்சு நான் ஒரு அம்மாவை கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். அவங்க சால்வையை மடிச்சு என் கையிலயே குடுத்து "சால்வை வேணாம் கண்ணு, ரெண்டு மாசமா சம்பளம் வரல, முடிஞ்சா அதைக் கேட்டுக் குடு"ன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை வரல. இன்னும் அந்த சால்வை என் ரூம்லதான் இருக்கு. நான் என்ன பண்ணனும்?
– பி.ஏ. மாணவி, திண்டுக்கல்

தங்கச்சி, அந்த அம்மா உன்கிட்ட சொன்னாங்கன்னா உன்ன நம்பிச் சொல்லியிருக்காங்க. மேடையில மைக் புடிச்சு நின்ன யார்கிட்டயும் அவங்க சொல்லல. அதனால அழுதுட்டு உக்காந்திருக்காத, வேலையைப் பாரு.

முதல்ல அவங்க யார்கிட்ட வேலை செய்யறாங்கன்னு தெரிஞ்சுக்கோ. இப்போ நிறைய ஊர்ல நகராட்சி நேரடியா ஆள் வைக்கறதில்ல, ஒப்பந்தக்காரர் மூலமாதான் எடுக்கறாங்க. சம்பளம் கேட்டா ஒப்பந்தக்காரர் "ஆபீஸ்ல பில்லு பாஸ் ஆகல"ம்பாரு, ஆபீஸ்ல கேட்டா "நாங்க காண்ட்ராக்டருக்குக் குடுத்துட்டோம்"பாங்க. நடுவுல கிடந்து அல்லாடறது அந்த அம்மா. ஆனா ஒப்பந்தக்காரர் சம்பளம் குடுக்கலன்னா வேலை வாங்குற நிர்வாகம்தான் அதைக் குடுத்தாகணும், சட்டத்துல அப்படித்தான் இருக்கு. இந்த ஒரு வரி தெரியாததாலயே எத்தனையோ பேர் அலைஞ்சுட்டு விட்டுடறாங்க.

அப்புறம் பி.எஃப். பத்திக் கேளு. சம்பளத்துல பிடிக்கறாங்களா, பிடிச்சா யூ.ஏ.என்.ங்கற பி.எஃப். நம்பர் குடுத்திருக்காங்களா? அவங்க செல்போன்ல உமங்ங்கற அரசாங்க ஆப் போட்டு பாஸ்புக்கை எடுத்துக் காட்டு. பிடிச்ச பணம் கட்டியிருக்காங்களா இல்லையான்னு மாசம் மாசமா அதுல வந்துடும். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கான்னும் பாரு. 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது உண்டு, இருந்தா அவங்க குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். இதுக்கெல்லாம் பெரிய படிப்பு வேணாம், உன் வயசுப் பசங்களுக்கு போன்ல அஞ்சு நிமிஷ வேலை. அவங்களுக்கு அது தெரியாததால வருஷக்கணக்கா பணம் போயிருக்கும்.

நகராட்சிக்கு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடு. வெள்ளைத்தாள் போதும், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், பொதுத் தகவல் அலுவலருக்குன்னு எழுதி பதிவுத் தபால்ல அனுப்பு. ஒப்பந்தத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ கூலி போட்டிருக்கு, ஒப்பந்தக்காரருக்கு எந்தெந்தத் தேதியில பணம் போயிருக்கு, கையுறை, ஷூ எல்லாம் எத்தனை வாங்குனாங்க, எப்போ குடுத்தாங்க, இதை மட்டும் கேளு, "ஏன் குடுக்கல"ன்னு கேட்காத, அது தகவல் இல்லன்னு தள்ளிடுவாங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அதே ஆபீஸ்ல மேல இருக்கறவருக்கு முதல் மேல்முறையீடு. மனு உன் பேர்ல இருக்கட்டும் இல்ல உன் நண்பர்கள் பேர்ல இருக்கட்டும், அந்த அம்மா பேரு எங்கயும் வரக்கூடாது. நீ பரீட்சை எழுதி முடிச்சுட்டு ஊருக்குப் போயிடுவ, அவங்க மறுநாள் காலையில அதே மேஸ்திரி முன்னாடிதான் போய் நிக்கணும். என்ன செஞ்சாலும் அவங்ககிட்ட சொல்லி, அவங்க சரின்னு சொன்னப்புறம் செய். அவங்க பயந்து வேணாம்னு சொன்னா அதையும் மதிக்கணும், அவங்க பயம் சும்மா வர்றது இல்ல.

இன்னொண்ணும் படிச்சு வை. மனிதக் கழிவை மனுஷனே அள்ளக்கூடாதுன்னு 1993ல ஒரு சட்டம் வந்துச்சு, பத்தாதுன்னு 2013ல இன்னொண்ணு. பாதாள சாக்கடையில இறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014ல சொல்லுச்சு, 2023ல அதை 30 லட்சமா ஆக்குச்சு. அந்த 2014 வழக்கை நடத்துன சஃபாய் கரம்சாரி ஆந்தோலன்ங்கற தூய்மைப் பணியாளர் இயக்கத்தோட பெஜவாடா வில்சன் கோலார் தங்கவயல்ல பிறந்தவர், அவங்க குடும்பமே அந்த வேலை செஞ்ச குடும்பம். 2016ல மகசேசே விருது வாங்குனாரு. அவர் ஆரம்பிச்சது அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதறதுலதான், அதைச் சொல்லத்தான் இங்க அவரை இழுத்தேன். நீயும் பேனாவை எடு.

நாங்க முகாம் தங்குன ஊர்ல முதல் நாளே ஒருத்தர் வந்து "காலனிப் பக்கம் சாயங்காலம் போகாதீங்க, அங்க எதுவும் வாங்கிச் சாப்பிடாதீங்க, வயித்துக்கு ஒத்துக்காது"ன்னு அக்கறையா சொன்னாரு. எங்க சார் எதுவும் சொல்லல. ஆனா நாங்க மூணு பேர் போனோம், ஒரு பாட்டி மோர் குடுத்துச்சு, குடிச்சோம். அடுத்த நாள் எங்களுக்கு சாப்பாடு போடுற வீட்ல முகம் மாறிடுச்சு. முகாமைக் கெடுத்துட்டோமா அக்கா?
– பொறியியல் மாணவர், (ஊர் வேண்டாம்)

கெடுக்கல. அந்த ஏழு நாள்ல உங்க யூனிட் செஞ்சதுலயே உருப்படியான காரியம் அந்த மோரைக் குடிச்சதுதான்னு நான் சொல்லுவேன்.

அக்கறையாத்தான் சொன்னாரு, சரி. ஆனா அந்த அக்கறைக்குள்ள இருக்கறது சாதி. அரசியலமைப்புச் சட்டம் 17வது பிரிவுல தீண்டாமையை ஒழிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, 1989ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு, இதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லாருக்கும் மனப்பாடமா தெரியும், ஆனா ஒரு டம்ளர் மோரு முன்னாடி வந்து நிக்கும்போதுதான் நாம யாருன்னு நமக்கே தெரியுது. 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல பட்டியலின மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணியில மலம் கிடந்துச்சு. விசாரிக்க கலெக்டரும் எஸ்.பி.யும் போனப்போதான் அந்தப் பகுதி டீக்கடையில சாதிக்கு ஒண்ணுன்னு ரெட்டை டம்ளர் இருந்ததும், கோவிலுக்குள்ள அந்த மக்களை விடாததும் வெளில வந்துச்சு, அன்னிக்கே அவங்களைக் கோவிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்த ஜனங்களுக்கு அது என்ன புதுசா? தினம் தினம் அந்த டம்ளரைப் பார்த்தவங்கதானே. அவங்ககிட்ட போய் யாரும் கேட்கல, அவ்ளோதான். உங்க மாதிரி எத்தனை முகாம் எத்தனை ஊருக்குப் போயிட்டு வருது, ஒரு முகாம் அறிக்கையிலயாவது "இந்த ஊர்ல தண்ணி எடுக்குற இடம் தெருவுக்குத் தெரு வேற"ன்னு ஒரு வரி பார்த்திருக்கியா?

அதனால அடுத்த தடவ முகாமுக்கு இடம் பார்க்கும்போதே உங்க சார்கிட்ட பேசுங்க. தங்கறது எல்லாத் தெரு ஆளுங்களும் தயங்காம வந்து போகக்கூடிய அரசுப் பள்ளிக்கூடமா இருக்கட்டும், ஒரு வீட்டுச் சாப்பாட்டை நம்பி இருக்காதீங்க, நீங்களே சமைங்க, ரெண்டு பக்கத்துல இருந்தும் சமைக்க ஆளைக் கூப்பிடுங்க. மருத்துவ முகாம் போட்டா காலனியிலயே போடுங்க, ஊருக்குள்ள இருக்கறவங்க அங்க நடந்து வரட்டும். வராதவங்க வராம போகட்டும், யாரு வரலன்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரு தகவல்தான். ஆனா ஊர்க்காரங்ககிட்ட நின்னு வாய்ச்சண்டை போடாதீங்க. நீங்க பஸ் ஏறிப் போனப்புறம் அந்தக் கோவம் பாட்டி வீட்டு மேலதான் திரும்பும். ரெட்டை டம்ளர் மாதிரி கண்ணால பார்த்தது எதாவது இருந்தா, அந்த மக்கள்கிட்ட பேசிட்டு, தேதி, இடம் எல்லாம் போட்டு கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மனுநாள்ல குடுங்க, மூணு பேரா குடுக்காம யூனிட்டா சேர்ந்து குடுங்க.

உங்க சார் சும்மா இருந்தாருன்னு எழுதியிருக்க. அவருக்கும் மேல ஆள் இருக்காங்க, பயம் இருக்கும். ஆனா அவர் பேசாம இருந்ததை நீ கவனிச்சிருக்க பாரு, நாளைக்கு நீ ஒரு ஆபீஸ்ல, சைட்ல, நாலு பேருக்கு மேல உக்காரும்போது அது உனக்கு உதவும்.

நான்தான் எங்க வீட்ல முதல் பட்டதாரி ஆகப்போறேன். அப்பா லோடு மேன். "ஊருக்கு உழைச்சது போதும், படிச்சு வேலைக்குப் போற வழியப் பாரு"ங்கறாரு. அவர் சொல்றது தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல, இந்த ஊர் வேலையையும் விட முடியல.
– மாணவி, விழுப்புரம்

அப்பா சொல்றது தப்பே இல்லம்மா. மூட்டை தூக்குன தோளு பேசுது, அதுக்கு எதிரா கொள்கை பேசாத. படிப்பை முடிக்கணும், அரியர் இல்லாம முடிக்கணும், அதுல ரெண்டு பேச்சே கிடையாது. உன் மாதிரி ஒரு பொண்ணு பட்டம் வாங்கி ஒரு வேலையில போய் உக்காந்தா உங்க தெருவுல இருக்கற அடுத்த பத்துப் பொண்ணுங்களோட அப்பாக்கள் யோசிப்பாங்க. அதுவும் சமூக வேலைதான்.

ஆனா நேரத்தை அளந்து வை. கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல உங்க மாவட்டத்து மரக்காணம் பக்கத்துலதான இல்லம் தேடிக் கல்வியை ஆரம்பிச்சு வச்சாங்க, அதுல சேர்ந்த தன்னார்வலர்கள்ல பெரும்பாலும் பொண்ணுங்கதான், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு மணிக்குள்ள தெருப் பிள்ளைங்களை உக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தாங்க, மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகை. அவங்க எல்லாம் வீட்டு வேலை, படிப்பு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் செஞ்சாங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலம்னு வச்சுக்கோ, மூணாவது சாயங்காலம் கேட்டா இல்லன்னு சொல்லிப் பழகு. பசங்களுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்குடுத்தா உன் போட்டித் தேர்வுக் கணக்கும் சேர்ந்து தேறும்.

ஒரு நாள் அப்பாவையும் கூட்டிட்டுப் போ. அப்புறம் நீ அரசுப் பள்ளியில படிச்சவளா இருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரணும், முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கியிருக்கணும், ரெண்டும் வாங்கியாச்சான்னு எனக்கு எழுது. ஊருக்கெல்லாம் ஃபார்ம் எழுதிக்குடுக்கற பிள்ளைங்க தன்னோடதை எழுத மறந்துடுதுங்க.

சேவை பண்ண சர்டிஃபிகேட் வேலைக்கு உதவுமா அக்கா? சுருக்கமா சொல்லுங்க.
– மாணவர், தஞ்சாவூர்

தாள் மட்டும்னா சில இடத்துல மேல்படிப்புக்குக் கொஞ்சம் மார்க் குடுப்பாங்க, அவ்ளோதான். ஆனா நேர்முகத்துல "நீ என்னப்பா செஞ்ச"ன்னு கேட்டா, ஒரு ரேஷன் கடையில எத்தனை அட்டைக்கு ஏன் அரிசி போகலன்னு நீ அலைஞ்சு கண்டுபிடிச்ச கதையை அஞ்சு நிமிஷம் தடுமாறாம சொல்ல முடியும்னா, கேக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க. அந்தக் கதை உன்கிட்ட இருக்கா தம்பி? இல்லன்னா இந்த மாசமே உன் தெரு ரேஷன் கடையில இருந்து ஆரம்பி.