ஆட்டிசம் பத்தி கேளுங்க, ஸ்பீச் தெரபிஸ்டா எனக்கு தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: பையனுக்கு ஒன்றரை வயசு, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பறதே இல்ல, ஆனா டிவில விளம்பர பாட்டு வந்தா எங்கிருந்தாலும் ஓடி வர்றான். மாமியார் ஆம்பள பசங்க லேட்டாதான் பேசுவாங்கன்னு சொல்றாங்க, வெயிட் பண்ணலாமா மேடம்?

வேண்டாம்மா. பாட்டுக்கு ஓடி வர்றான்னா காது நல்லா இருக்குன்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது, முதல்ல ஹியரிங் டெஸ்ட் எடுத்துடுங்க. பேச்சை விட நான் அதிகம் பாக்குறது அவன் விரலை. பிளேன் போனா விரல் நீட்டி காட்டிட்டு நீங்களும் பாக்குறீங்களான்னு உங்க மூஞ்சிய பாக்குறானா, இல்ல எது வேணும்னாலும் உங்க கைய இழுத்துட்டு போய் அது மேல வைக்கிறானா? ரெண்டாவது மாதிரின்னா கவனிக்கணும். 16லேர்ந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு எம்-சாட்னு 20 கேள்வி இருக்கு, அது வெறும் ஸ்கிரீனிங்தான், அதுல ரிஸ்க்னு வந்தா குழந்தை வளர்ச்சிய பாக்குற டெவலப்மென்டல் டாக்டர பாக்கணும், அவ்வளவுதான். ரிப்போர்ட் கைக்கு வர்றவரைக்கும் தெரபிய தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: தட்டம்மைக்கு போடற எம்எம்ஆர் ஊசியாலதான் ஆட்டிசம் வருதாமே?

இல்லவே இல்ல. 1998ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல 12 குழந்தைங்கள வச்சு வந்த கட்டுரைலேர்ந்து கிளம்புன புரளி இது, 2010ல அந்த பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிடுச்சு, எழுதுன வேக்ஃபீல்டோட டாக்டர் பதிவும் போச்சு. ஊசி போடற வயசும் அறிகுறி கண்ணுல படற வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதான் குழப்பம்.

கேள்வி: பொண்ணுக்கு 5 வயசு. "தண்ணி வேணுமா"ன்னு கேட்டா "தண்ணி வேணுமா"ன்னே திருப்பி சொல்றா. கண்டிக்கணுமா?

ஐயோ கண்டிக்காதீங்க. இதுக்கு எகோலாலியான்னு பேரு, நிறைய நேரம் அதுதான் அவ சொல்ற "ஆமா". கேள்வியா கேக்காம அவ சொல்ல வேண்டியத அவ பக்கத்துலேர்ந்து நீங்க சொல்லுங்க, "எனக்கு தண்ணி வேணும்"னு சொல்லிட்டு உடனே டம்ளர குடுங்க, அப்படியே திருப்பி சொன்னாலும் இப்ப சரியா வரும்ல! படம் காட்டி கேக்கற கார்டும் குடுக்கலாம், கார்டு பழகினா பேச்சு வராதுங்கறது தப்பு.

கேள்வி: கடைக்கு போனா தரையில விழுந்து கத்துறான், எல்லாரும் வளர்ப்பு சரியில்லன்னு பாக்குறாங்க.

கேட்டது கிடைச்சதும் அடங்கினா அது அடம். கேட்டத குடுத்தாலும் நிக்கலன்னா மெல்ட்டவுனா இருக்கலாம், லைட்டு, ஸ்பீக்கர், கூட்டம் எல்லாம் சேர்ந்து அவனால தாங்க முடியல. அந்த நேரத்துல அட்வைஸ் மண்டையில ஏறாது, பேச்ச குறைச்சு சத்தம் இல்லாத இடத்துக்கு கூட்டிட்டு போங்க. கூட்டம் இல்லாத நேரமா போங்க, காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டுங்க. பாக்குறவங்க பாத்துட்டு போகட்டும்.

கேள்வி: கீலேஷன் பண்ணா முழுசா குணமாகும்னு விளம்பரம் பாத்தேன் சார்...

(மேடம்ங்க.) கீலேஷன்னா உடம்புலேர்ந்து ஈயம் மாதிரி உலோகத்த வெளியேத்த குடுக்கற மருந்து. கிட்டயே போகாதீங்க, அதுல குழந்தை செத்தே போயிருக்கு. குணமாக்குறேன்னு யார் கேரண்டி குடுத்தாலும் எழுந்து வந்துடுங்க.

கேள்வி: அண்ணன் பையன் கார் பொம்மைய வரிசையாவே அடுக்குறான், சித்தப்பா நான் கூட விளையாட போனா கண்டுக்கவே மாட்டேங்கறான்.

வரிசைய கலைக்காதீங்க தம்பி. பக்கத்துல தரையில உக்காந்து அடுத்த கார எடுத்து அவன் கையில குடுங்க, வாங்கிக்கிட்டா அதுவே விளையாட்டுதான். ரெண்டு மூணு கார் குடுத்துட்டு அடுத்தத கையிலயே வச்சுக்கிட்டு கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, உங்க கைய பாப்பான், இல்ல உங்களையே பாப்பான். உடனே குடுத்துடுங்க, ரொம்ப காக்க வச்சா எழுந்து போயிடுவான்.