பழைய பென்ஸுக்கு எந்த ஏசி?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1983 மாடல் மெர்சிடிஸ் 300 டி, அதாவது டபிள்யூ 123, இப்போது என்னிடம் இருக்கிறது. ஏசி நின்று பல வருடமாகிறது. ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புது யூனிட் போடலாம் என்கிறார், இன்னொருவர் ஒரிஜினலைத் தொட்டாலே வண்டியின் மதிப்பு போய்விடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கோவை

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு, வென்ட், குமிழ்கள், உள்ளே இருக்கும் கூலிங் காயில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பானட்டுக்குள் இருப்பதைத் தாராளமாக மாற்றலாம்.

இந்த மாடலில் கூலிங் காயிலை வெளியே எடுக்க வேண்டுமென்றால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், நாற்பது வருட வெயிலில் காய்ந்துபோன பிளாஸ்டிக்கை ஒருமுறை கழற்றினால் அது பழையபடி உட்காருவது கஷ்டம். அதனால் முதலில் நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்கச் சொல்லுங்கள். காயில் தாங்கினால் உள்ளே ஃபிளஷ் செய்து கழுவி அதையே வைத்துக்கொள்ளலாம். ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் டாஷ்போர்டில் கை வைக்கலாம், அப்போதும் அதே அளவில் ஒரு காயில் போடுங்கள், டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் பெட்டி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கேஸ். உங்கள் வண்டியின் ஏசி ஆர் 12 என்ற பழைய குளிர்விக்கும் கேஸுக்காகச் செய்தது. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள், 2010-க்குள் வளரும் நாடுகளிலும் உற்பத்தி முடிந்துவிட்டது. இன்று யாராவது ஆர் 12 என்று ஒரு சிலிண்டரைக் காட்டினால் நம்பி ஏற்றாதீர்கள். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்பன் கேஸை மலிவு என்று ஏற்றுகிற ஆட்களும் உண்டு, நன்றாகவே குளிரும், ஆனால் தீப்பிடிக்கக்கூடியது. குடும்பத்தோடு உட்காரும் வண்டியில் அதை ஏற்றக் கூடாது. உங்களுக்கு ஆர் 12-க்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ கேஸ்தான் சரி.

ஆனால் கேஸை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பழைய மினரல் ஆயில் 134ஏ-வோடு கலக்காது, கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் வேறெங்கோ தேங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து சிக்கிக்கொள்ளும். எஸ்டர் ஆயில், இணைப்புகளுக்குப் புது ஓ-ரிங் ரப்பர், ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர், கேஸ் கசியாத உள்லைனிங் கொண்ட புது ஹோஸ் எல்லாம் சேர்த்தே செய்யுங்கள். பழைய ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடையை அப்படியே ஏற்றவும் கூடாது, அதில் சுமார் 80 முதல் 85 சதவீதம் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கண்டன்சர், அதாவது கேஸின் சூட்டை வெளியே இறக்கும் முன்பக்கப் பாகம், இதைத்தான் பெரும்பாலான கடைகளில் விட்டுவிடுகிறார்கள். வெயிலில் 134ஏ-வின் அழுத்தம் ஆர் 12-ஐவிட அதிகமாக ஏறும், பழைய டியூப் வகைக் கண்டன்சரால் அந்தச் சூட்டை இறக்க முடியாது, விளைவு என்னவென்றால் அவிநாசி ரோட்டில் ஓடும்போது ஜம்மென்று குளிர்ந்துவிட்டுக் காந்திபுரம் சிக்னலில் நின்றதும் வெறும் காற்று வரும். கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிது பிடிக்குமோ அவ்வளவு பெரிய பேரலல் ஃப்ளோ கண்டன்சர் (பல தட்டைக் குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் ஓடும் புது வகை) போடுங்கள், முன்னால் இருக்கும் மின்விசிறியையும் கூடுதல் காற்று தள்ளுவதாக மாற்றுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறெதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

கம்ப்ரசர் டெல்கோ ஆர்4 என்ற மாடலாக இருந்தால், அது கசிவுக்குப் பேர்போனது, சேண்டன் கம்பெனியின் வகைக்கு மாறுங்கள். பிராக்கெட்டைப் போல்ட்டில் பொருத்தட்டும், எங்கேயும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள், நாளைக்கு வாங்குகிறவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

கேள்வி: காரில் முதன்முதலில் ஏசி கொடுத்தது யார்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி, 1940 மாடலில். கூலிங் காயில் டிக்கியில் இருந்தது, கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது, குளிர்காலத்தில் பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும்!

கேள்வி: மார்க் 3 அம்பாசிடரில் ஏசி போடலாமா? பெட்ரோல் வண்டி, டைனமோ இன்னும் ஓடுகிறது.
- வாசகர், காரைக்குடி

பதில்: போட முடியும், ஆனால் வேண்டாம் என்பதே என் கருத்து. 1489 சிசி எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். அதில் கம்ப்ரசர் நாலைந்தை வாங்கிக்கொள்ளும், ஐடிலில் வண்டி திணறும். டைனமோ புளோயருக்கும் விசிறிக்கும் கரண்ட் கொடுக்காது, ஆல்டர்னேட்டர் போட வேண்டும், ரேடியேட்டரை மூன்று வரிசைக் குழாய் கொண்டதாக்க வேண்டும், இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால் நல்ல நிலையில் இருக்கிற ஒரு மார்க் 3 கெட்டுப்போகும். பிற்காலத்து இசுஸு 1800 எஞ்சின் வண்டி என்றால் தாராளமாகப் போடச் சொல்லியிருப்பேன். உங்கள் வண்டியில் முன்கதவுகளின் முக்கோணக் கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டுத் திறந்து வையுங்கள், ஓட்டத்தில் நல்ல காற்று வரும்.